கழுவி வைத்த கற்கள்

அத்தியாயம் ஒன்பது

"மோட்டார் போட்டிருக்கேன் அம்மிணி. பத்து நிமிசத்துல நிறுத்திப்போடு."

திருமூர்த்தி தன் மனைவியிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். சாந்தாமணி அப்போது காங்கேயத்துத் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். கல்யாணப் புடவை விஷயம். "செரி, செரி, போங்க" என்று கையை மட்டும் ஆட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. அவருடைய மொபெட் தெருமுனையில் ஒருமுறை இருமிவிட்டுப் போனது.

மோட்டாரை அடியோடு மறந்துவிட்டாள். மேல்தொட்டி நிரம்பி, மொட்டை மாடி நிரம்பி, தண்ணீர் சுவரோரமாக இறங்கிப் பின்வீட்டு வாசலுக்குப் போய், அந்த அம்மா "ஏனுங், ஆறு ஓடுதுங்க!" என்று கத்திய பிறகுதான் ஓடிப்போய் நிறுத்தினாள். குழாயில் எப்போதோ ஒரு நாள் வருகிற தண்ணீர். இன்றைக்கு இவர் வந்ததும் ஒரு கச்சேரி இருக்கிறது என்று நினைத்தபடியே படியிறங்கினாள். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலையும் தயார் செய்துகொண்டாள்.

பதினொன்றரைக்குப் போன் வந்தது. தயார் செய்த பதில் அவளிடமே தங்கிவிட்டது.

முன்னும் பின்னும் நடந்தவை இத்தனை வாரமாக இந்தத் தொடரில் வந்துகொண்டிருப்பவைதான். பம்ப் கம்பெனியில் முப்பத்து நான்கு வருஷம் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், அன்னூருக்கு வடக்கே நல்லூத்துப்பாளையத்தில் முள்காடு மூடிக் கிடந்த ஒரு படிக்கிணற்றைக் கண்டுபிடித்து, நாலு வருஷம் ஞாயிறு தவறாமல் அதைத் தோண்டிக்கொண்டிருந்தார். கூடவே பத்துப் பதினைந்து இளவட்டங்கள். கிழக்குச் சுவர் வயிறு தள்ளி நின்றது. பிரித்துத்தான் கட்ட வேண்டும் என்றார். மேலிருந்து ஆறு வரிசை பிரித்தாயிற்று. ஆறாவது வரிசையை இறக்கி முடித்த அன்றைக்குத்தான், படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டவர், சொம்பு வருவதற்குள் சாய்ந்துவிட்டார்.

சாந்தாமணி இந்த நாலு வருஷத்தில் ஒருமுறைகூட அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்ததில்லை. "ஞாயித்துக்கிழமையானா குழிக்குள்ள போய் உக்காந்துக்கறீங்க. அதைப் பாக்க நானும் வரோணுமா?" என்பாள்.

இன்று, எட்டு வாரம் கழித்து, போக வேண்டி வந்தது.

காலை எட்டு மணிக்கே கொழுந்தனார் நாச்சிமுத்துவின் போன். அன்னூரில் மாட்டுத்தீவன ஏஜென்சி வைத்திருப்பவர். அண்ணனைவிட ஆறு வயது இளையவர். குரலில் எப்போதும் ஒரு கல்யாண வீட்டுப் பரபரப்பு.

"அண்ணி, ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க. நாங்க எல்லாம் சேந்து ஒரு வேலை செஞ்சு வெச்சிருக்கறமுங். அண்ணன் இருந்தா அப்பிடியே பூரிச்சுப் போவாப்ல."

"என்ன வேலை?"

"வந்து பாருங் அண்ணி. சொன்னா சுவாரசியம் போயிரும்."

நாச்சிமுத்து ஒரு வேலையைச் சொல்லாமல் செய்தால் அதைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆகும் என்பது சாந்தாமணியின் இருபத்தெட்டு வருஷ அனுபவம்.

மகள் லோகப்பிரியா காரை ஓட்டினாள். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை. அப்பா போன பிறகு ஞாயிறுகளில் அம்மாவைத் தனியாக விடுவதில்லை.

"சித்தப்பா கல்வெட்டு அடிச்சிருக்காருன்னு நெனைக்கறேம்மா. வாட்ஸ்ஆப்புல கிரானைட் போட்டோ போட்டு உடனே டிலீட் பண்ணினாரு."

"கல்வெட்டா? சுவரே இல்லாம அதை எங்க பதிப்பாரு? நெத்தியிலயா?"

லோகப்பிரியா சிரிக்க நினைத்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டாள்.

கிணற்று மேட்டில் சாமியானா போட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள். நாச்சிமுத்துவின் சின்ன வேனில், மாட்டுத்தீவன மூட்டைக்கு மேல், பூப்போட்ட போர்வைக்குள் கருங்கல் பலகை. தன்னார்வலர்களுக்குத் தலைவனான சபரீஷ் ஓடி வந்தான். இருபத்தேழு வயது, எதையும் நம்பிவிடும் முகம்.

"வாங்கம்மா. இங்க பாருங்க!"

வேப்ப மரத்தடியில் கற்கள். தொண்ணூறுக்கும் மேல். வரிசை வரிசையாக அடுக்கி, வெயிலில் வெள்ளை வெளேரென்று பளபளத்தன. சமையல் மேடைக்குப் போடலாம் போல.

"மூணு நாளுங்கம்மா. கம்பி பிரஷ், ஆசிட், கெணத்துத் தண்ணி. பாசி, சேறு, பெயின்ட் எல்லாத்தையும் சுத்தமா எடுத்துட்டோம். இப்ப எப்பிடி இருக்குது?"

சாந்தாமணி கற்களைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். இன்னொரு முறை நடந்தாள்.

"நம்பர் எங்க சாமி?"

"எந்த நம்பருங்கம்மா?"

"செவப்புப் பெயின்ட்ல இருந்த நம்பர். மூணின் கீழ் ஏழு, நாலின் கீழ் ரெண்டுன்னு. ஒவ்வொரு கல்லுலயும் அவரு எழுதின நம்பர்."

சபரீஷ் கற்களைத் திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் நின்ற சித்திகா, கட்டடக் கலை படிக்கிற பெண், மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குத்தான் முதலில் புரிந்தது.

"நான் ரெண்டு வாரம் பரீட்சைக்குப் போயிருந்தேன்" என்றாள். "அதுக்குள்ள..."

"அது அசிங்கமா இருக்குதுன்னு..." சபரீஷின் குரல் இறங்கியது. "டிவிக்காரங்க வேற வரேன்னாங்க. கல்வெட்டுத் திறக்கறப்போ நீட்டா இருக்கோணும்னு..."

"கண்ணு, அவரு முப்பது வருசம் மோட்டாரைப் பிரிச்சுக் கோத்தவரு. நம்பர் போடாம ஒரு போல்ட்டைக் கழட்ட மாட்டாரு. எந்தக் கல்லு எங்க இருந்துச்சோ அங்கதான் உக்காரும். எடம் மாறினா ரெண்டு மழைக்கு மறுபடியும் வயித்தைத் தள்ளும். இதெல்லாம் உங்ககிட்டச் சொல்லியே இருக்க மாட்டாரா?"

"சொல்லியிருக்காருங்கம்மா" என்றான் சபரீஷ். அழுதுவிடுவான் போலிருந்தது.

"அண்ணி, எதுக்குக் கொழப்பிக்கறீங்க?" நாச்சிமுத்து நடுவில் வந்தார். "நோட்டு இருக்குதில்லீங்? அண்ணன் நோட்டுப் போட்டு எழுதி வெச்சிருந்தாரே?"

"எழுதினது நானு" என்றாள் சாந்தாமணி. "அவரு கையெழுத்து கோழி கெளறின மாதிரி இருக்கும். துண்டுச் சீட்டுல குறிச்சுட்டு வருவாரு. ராத்திரி சாப்புட்டதும் அவரு படிக்க, நான் எழுதுவேன். அந்த நோட்டைத்தான் எட்டு வாரமாத் தேடிட்டு இருக்கறேன். அன்னைக்குக் காலைல பைக்குள்ள வெச்சுட்டு வந்தாரு."

"எந்தப் பைங்?"

"பச்சைப் பை. கம்பெனில குடுத்தது."

நாச்சிமுத்துவின் முகம் மாறியது. அதைப் பார்த்ததும் சாந்தாமணிக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள்.

"தம்பி. அந்தப் பை எங்க?"

"அண்ணி... பவானி கூடுதுறைக்குப் போனமில்லீங், அஸ்தி கரைக்க. அண்ணன் துணிமணியெல்லாம் ஆத்துல விடோணும்னாங்க. எந்நேரமும் தோள்ல மாட்டிட்டுத் திரிஞ்ச பையாச்சே, அதுவும் அண்ணன்கூடவே போகட்டும்னு..."

"உள்ள என்ன இருக்குதுன்னு பாத்தீங்களா?"

"எப்பிடிங் அண்ணி பாக்கறது? அண்ணன் பைங்." நாச்சிமுத்துவின் கண் நிறைந்துவிட்டது. "ஜிப்பு கூடத் தொறக்கலீங்."

சாந்தாமணிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? ஒருவன் அவர் மேல் வைத்த பிரியத்தில் நம்பரை அழித்திருக்கிறான். ஒருவர் அவர் மேல் வைத்த பிரியத்தில் நோட்டை ஆற்றில் விட்டிருக்கிறார். கெட்ட எண்ணம் உள்ள ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால்கூட வசதியாக இருந்திருக்கும்.

"போட்டோ?" என்றாள் லோகப்பிரியா. "ஒவ்வொரு வாரமும் நூறு போட்டோ போடுவீங்களே?"

சபரீஷ் ஆவலோடு போனை எடுத்தான். இரண்டாயிரத்துச் சொச்சம் படங்கள். நால்வரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். சபரீஷ் கட்டை விரலை உயர்த்தியபடி. சபரீஷும் நண்பர்களும் கடப்பாரையோடு. யாருடைய பிறந்தநாளுக்கோ கிணற்றடியில் கேக். எல்லாவற்றிலும் பின்னால் கற்கள் இருந்தன. எல்லாக் கல்லுக்கும் முன்னால் ஒரு தலை இருந்தது.

"இதுல அப்பா எங்க?" என்றாள் லோகப்பிரியா.

"சார்தாங்க்கா படம் எடுத்தது."

லோகப்பிரியா போனை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

சித்திகாதான் மிச்சத்தையும் சொன்னாள். ஊராட்சித் தலைவர் வெள்ளிக்கிழமை வந்திருந்தாராம். பிரித்த பக்கம் மண் சுவர் அப்படியே திறந்து கிடக்கிறது. ஐப்பசி மழையில் சரிந்தால் பக்கத்துத் தோட்டத்துத் தென்னைகளோடு உள்ளே போகும். ஆடு மாடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து போகிற தடம். புரட்டாசி முடிவதற்குள் சுவர் ஏறாவிட்டால் ஜேசிபி வைத்து மண்ணைத் தள்ளி மூடிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"புரட்டாசி முடிய எத்தனை நாள் இருக்குது?"

"பத்து."

"பத்து நாள்ல ஜேசிபி வரப் போகுது. நீங்க சாமியானா போட்டு உக்காந்திருக்கீங்க." சாந்தாமணி வேனைப் பார்த்தாள். "அந்தக் கல்லுல என்ன எழுதியிருக்குதுங் தம்பி?"

நாச்சிமுத்து தயங்கிக்கொண்டே போர்வையை விலக்கினார். பொன் எழுத்து. 'இந்தப் படிக்கிணற்றைப் புதுப்பித்து ஊருக்கு அளித்த அமரர் நா. திருமூர்த்தி.'

"புதுப்பித்து." அவள் அந்த ஒரு சொல்லில் விரலை வைத்தாள். "எங்க புதுப்பிச்சாரு? பாதியில உட்டுட்டுப் போனாரு. வேலை முடியறதுக்கு முன்ன முடிஞ்சுதுன்னு ஒருத்தன் எழுதினா, அவரு அவனை கம்பெனிக்குள்ளயே உட்டிருக்க மாட்டாரு. எறக்கிக் குப்புறப் போடுங்க."

"அண்ணி!"

"குப்புறப் போடுங்கன்னேன்."

நான்கு பேர் சேர்ந்து இறக்கி, வேப்ப மரத்தடியில் எழுத்து மண்ணைப் பார்க்கக் கிடத்தினார்கள். சாந்தாமணி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். வெயிலுக்குக் கல் குளிர்ச்சியாக இருந்தது. எதிரில் கழுவின கற்கள், ஒன்றுக்கொன்று பல்லை இளித்துக்கொண்டு.

அதில் ஒன்றைப் பார்த்தபோது ஏதோ தட்டியது.

முன்பக்கம் உருண்டு, தொப்புள் மாதிரி ஒரு குழியோடு, அநியாயத்துக்குப் பிதுங்கிக்கொண்டிருந்தது.

"மூணின் கீழ் ஏழு" என்றாள்.

"என்னம்மா?"

"அந்தக் கல்லு. மூணாவது வரிசை, ஏழாவது. குறிப்புல என்ன எழுதச் சொன்னாருன்னா..." நாச்சிமுத்துவை ஒரு பார்வை பார்த்தாள். "'நாச்சிமுத்து வயிறு.'"

லோகப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். நாச்சிமுத்து கல்லையும் தன்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அண்ணன் அப்பிடியா சொன்னாப்ல?" என்றார். வருத்தமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

அந்த நோட்டில் நம்பருக்குப் பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. நம்பர் அழிந்தாலும் கல்லை அடையாளம் தெரிய வேண்டும் என்று அவரே போடச் சொன்னது. அதில் அவர் சொன்னதெல்லாம் வசவுதான். சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வைத்துவிட்டு, சொந்தக்காரர்களில் ஒருவரையும் விடாமல் கல்லாக்கினார். "இதையெல்லாமா எழுதறது?" என்று அவள் சலித்துக்கொண்டே எழுதினாள். மைக்கறை பட்ட பக்கங்களை இரண்டாம் முறையும் எழுதினாள்.

"சாக்பீஸ் இருக்குதா?" என்று எழுந்தாள். "கல்லுக்கு மேல தண்ணி படாமப் பாத்துக்கங்க. இனிமேல் ஒருத்தரும் எதையும் கழுவக் கூடாது."

இரண்டின் கீழ் நாலு, சின்னாத்தாள் பெரியம்மாவின் கொண்டை. ஒன்றின் கீழ் ஒன்பது, கிளிப் போடுவதற்கு முந்தைய லோகப்பிரியாவின் முன்பல். ஐந்தின் கீழ் பன்னிரண்டு, சாந்தாமணி அப்பாவின் மூக்கு. அதற்காக ஒரு வாரம் பேசாமல் இருந்தாள், இப்போது பார்த்தால் அப்படியேதான் இருந்தது. சித்திகா சாக்பீஸால் எழுதிக்கொண்டே வந்தாள். சபரீஷ் ஒவ்வொரு கல்லையும் நாலு பக்கமும் படம் எடுத்தான், இந்த முறை தலையை ஒதுக்கி வைத்துக்கொண்டு.

பன்னிரண்டு மணிக்கு நாச்சிமுத்து வேனைக் கிளப்பினார்.

"எங்கங் தம்பி?"

"பவானிக்குங். பையைத் தேடிப் பாத்துட்டு வாரேன்."

"ஆத்துல உட்டு எட்டு வாரம் ஆச்சுங். அது இந்நேரம் கடலுக்கே போயிருக்கும். இங்க கல்லைத் தூக்க ஆள் வேணும், உங்க வண்டி வேணும்."

"மனசு கேக்கலீங் அண்ணி." வேன் மேட்டிறங்கிப் போயே விட்டது. கல் தூக்குகிற செயின் பிளாக் அந்த வேனுக்குள்தான் இருக்கிறது என்பது ஐந்து நிமிடம் கழித்துச் சபரீஷுக்கு ஞாபகம் வந்தது.

சாந்தாமணி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மூன்று மணி வாக்கில் அந்தக் கல் வந்தது. பெரியதல்ல. எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒரு முனை. தூக்கிப் பார்த்தவளின் விரலைச் சரேலென்று கீறிவிட்டது.

"நாலின் கீழ் ரெண்டு" என்றாள்.

"குறிப்புங்கம்மா?"

விரலை வாயில் வைத்துக்கொண்டாள். 'உம்பட கோவம்' என்று எழுதச் சொன்னார். என் கோபத்துக்கு ஏது வடிவம் என்று கேட்டாள். "எந்தப் பக்கம் புடிச்சாலும் கீறுது அம்மிணி. ஆனா இது இல்லீனா அந்த வரிசையே நிக்காது" என்று சொல்லிவிட்டு, அடுத்த சீட்டை எடுத்தார். அவள் அந்த இரண்டாவது வாக்கியத்தை எழுதவில்லை. கட்டத்தில் இடம் போதவில்லை.

"குறிப்பு ஒண்ணுமில்ல" என்றாள். "நம்பர் மட்டும் போடு சாமி."

ஐந்து மணிக்குத் தொண்ணூற்று நாலு கல்லில் எழுபத்தொன்று அடையாளம் தெரிந்துவிட்டது. மிச்சம் இருபத்து மூன்றுக்கும் இடம் எது என்று பக்கத்துக் கற்களை வைத்தே சொல்லிவிடலாம் என்றாள் சித்திகா. சபரீஷ் கை தட்டினான். நாளைக் காலையே கட்ட ஆரம்பித்துவிடலாம், பத்து நாள் தாராளம் என்றான்.

"எங்கிருந்து ஆரம்பிப்பே?" என்று சாந்தாமணி கேட்டாள்.

அவன் கிணற்று விளிம்பைப் பார்த்தான். அங்கே தனியாகப் பதினெட்டுக் கல். அன்றைக்கு இறக்கி வைத்த இடத்திலேயே கிடந்தன. அவற்றையும் விடாமல் கழுவியிருந்தார்கள்.

ஆறாவது வரிசை. பிரிக்கும்போது கடைசி, கட்டும்போது முதல். அது உட்காராமல் மேலே ஒரு கல்லும் ஏறாது. அந்தப் பதினெட்டுக்கும் அவர் துண்டுச் சீட்டில் குறிப்பு எழுதியிருப்பார். அந்தச் சீட்டு ராத்திரி வீட்டுக்கு வரவேயில்லை. எந்தக் கல்லை யார் மாதிரி என்று சொன்னாரோ, அவளுக்குத் தெரியாது.

ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றில் ஏதோ காது மாதிரி. ஒன்றில் யாருடைய முதுகோ. அவர் சொல்லாமல் அவை வெறும் கல்லாகத்தான் இருந்தன.

போன் அடித்தது. நாச்சிமுத்து.

"அண்ணி, கூடுதுறையிலிருந்துங். இங்க வண்டி நிறுத்தறதுக்குள்ள உசுரு போச்சுங். மத்தியானம் ஒரு ஓட்டல்ல சாப்புட்டேன், ரசமே இல்லீங்..."

"பை என்னாச்சு?"

"அதாங் சொல்ல வாரேன். ஆத்துல உடற துணியெல்லாம் ஒரு அம்மா கரையில எடுத்துக் காயப்போட்டு விக்குமாமா. அதுகிட்ட அடையாளம் சொன்னேன். பச்சைப் பைதானே, பம்ப் படம் போட்டது, எங்கூட்லதான் இருக்குதுன்னு சொல்லுதுங்!"

சாந்தாமணி கல்லின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். "உள்ள காயிதம்? நோட்டு? சீட்டு?"

"அதைக் கேக்கறதுக்குள்ள பஸ்சு வந்துருச்சுங். ஏறிப் போயிருச்சு. காத்தால ஆறு மணிக்கு வருமாமா. நான் இங்கயே தங்கிக்கறேனுங்."

"அந்தம்மா பேரு? போன் நம்பர்? எந்த ஊரு?"



"கேக்கோணும்னு தோணலீங் அண்ணி."

அவள் போனை மகளிடம் கொடுத்துவிட்டுக் குப்புறக் கிடந்த பலகையில் உட்கார்ந்தாள். சபரீஷ் சாமியானாவை அவிழ்க்கத் தொடங்கியிருந்தான். கிணற்றுக்குள்ளிருந்து சித்திகாவின் குரல் மட்டும் மேலே வந்தது. ஞாயிறு தோறும் கிளம்புமுன் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலையாம்.

"மேலிருந்து பதினொண்ணாவது படி!"

"போன வாரம் எவ்வளவு?" என்று சாந்தாமணி கேட்டாள்.

"பதினொண்ணுதானுங்கம்மா" என்றான் சபரீஷ், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே. "வெயில் காலம், மழைக் காலம் எதுக்கும் ஒரு படி ஏறாது, எறங்காது. சார் முதல் முதலா அளந்தப்பவும் பதினொண்ணுதான்."